பேய்க் கதையாட்டமும் எமது அநுபவமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே இளைஞர் சார்பிற் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டபொழுது, "இளைஞரும் சமயமும்" என்ற தலைப்பையே மனத்திற் கொண்டிருப்பார் என்பது எமக்குத் தெரியும். அத்தலைப்பிலே எமக்கு முன் பேசியவர்கள் சொல்லாதுவிட்டது எதுவும் எம்மிடமில்லை. அன்றியும், இந்த ஆண்டு எம்மைப்பற்றி ஒரு வதந்தி ஹாலி-எலையிலிருந்து பசறை வரை பரவிவிட்டது. மன்றத்து வாசிகசாலையில் சனிக்கிழமை தோறும் சில பிள்ளைகள் கூடிப் பேயைக் கூப்பிடுகிறார்கள் என்பதே அந்த வதந்தி. அதற்கு மறுமொழி கூறுவது எமது கடமையாதலால், இன்று அதனையே எமது பேச்சின் பொருளாக எடுத்துக்கொண்டோம். நாங்கள் கூப்பிடவில்லை. ஆனால் ஒருநாள் அது வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதைப் பின்னர் சொல்லுவோம்.

முதலில் இந்த ஆட்டம் இன்னதென்று தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் கதையை நடத்துபவர். அவரைக் காப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் ஒவ்வொருவரும் கதையிலே ஒரு பாத்திரம். "நீங்கள் ஒரு பாழடைந்த பங்களாவின் முன் நிற்கிறீர்கள், கதவு திறந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று காப்பாளர் கேட்பார். உள்ளே போவதா, ஓடுவதா, கல்லெறிந்து பார்ப்பதா என்பதை அவரவரே சொல்ல வேண்டும். சந்தேகமான செயலென்றால் கட்டை உருட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான். பலகையுமில்லை, காயுமில்லை, பணமுமில்லை.

கட்டை என்றவுடன் மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நளனும் தருமனும் பட்ட பாடு எமக்கும் தெரியும். ஆனால் அவர்கள் பட்டது பந்தயத்தால். இங்கே பந்தயமில்லை, வெற்றி தோல்வியுமில்லை. ஆறு பேரும் ஒரே பக்கம் நின்று ஒரு கதையை முடிவுக்குக் கொண்டுவருவதே ஆட்டம்.

இது அமெரிக்காவிற் பிறந்தது. 1974ஆம் ஆண்டு கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் "டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்" என்ற பெயரில் இவ்வாட்டத்தின் விதிகளை முதன்முதல் அச்சிட்டார்கள். முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகளே. வாளேந்திப் பூதங்களோடு பொருதும் வீரக் கதைகள் அவை. அச்சமே பொருளாகக் கொண்ட ஆட்டம் 1981இல் வந்தது. சான்டி பீட்டர்சன் என்பவர், 1937இல் மறைந்த லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளரின் பயங்கரக் கதைகளை அடியொற்றிக் "கோல் ஒஃப் கதுலு" என்ற விதிநூலை எழுத, கலிபோர்னியாவிலிருந்த கயோசியம் நிறுவனம் அதனை வெளியிட்டது. அதிலே ஒரு புதுமை உண்டு. உடம்பிலே உயிர் இவ்வளவு என்று கணக்கு வைப்பது போலச் சித்தத் தெளிவு இவ்வளவு என்றும் கணக்கு வைக்கிறார்கள். காணத் தகாததைக் கண்டால் அந்தக் கணக்குக் குறையும். பாத்திரம் சாவதற்கு முன்னமே புத்தி பேதலித்துப் போகலாம். 1980களிலே அமெரிக்கப் பெற்றோர் சிலரும் சில திருச்சபையினரும் இவ்வாட்டங்களைப் பிசாசின் வேலை என்று சொல்லி எதிர்த்தார்கள். ஆகவே எம்மைப்பற்றி எழுந்த வதந்தியும் புதிதன்று. கப்பலேறி நாற்பது ஆண்டு தாமதித்துப் பதுளைக்கு வந்திருக்கிறது.

இனி எமது கதைக்கு வருவோம்.

விடுமுறையிலே வீடு வந்திருந்த நாங்கள் நால்வரும், தோட்டத்திலிருந்து சகோதரிகள் இருவருமாக ஆறு பேர் சேர்ந்தோம். மிஷன் பாடசாலையிற் படித்த காரணத்தால், ஆங்கிலத்தில் அச்சான விதிகளை வாசித்து நடத்தும் காப்பாளர் பொறுப்பு எம் தலையில் விழுந்தது. பத்து முகக் கட்டைகள் பதுளைக் கடைகளில் எங்கும் கிடைக்கவில்லை. பூச்சியம் முதல் ஒன்பது வரை எழுதிய சீட்டுகளை இரண்டு பால்மாப் பேணிகளிற் போட்டுக் குலுக்கி முதல் இரண்டு கிழமையை ஓட்டினோம். பின்னர் ஒரு நண்பர் கொழும்பிலிருந்து கட்டைகள் கொண்டுவந்தார். ஆனால் பேணியைக் குலுக்கும் சத்தத்திலிருந்த பயம் கட்டையில் இல்லை என்பதே எல்லாருடைய அபிப்பிராயமும்.

எந்தக் கதையை நடத்துவது? சொந்தமாகக் கற்பிப்பதிலும் அச்சிலுள்ள ஒன்றை எடுப்பதே ஆரம்பக்காரருக்கு நன்று என்று தீர்மானித்தோம். தேடியபொழுதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. அச்சான பயங்கரக் கதைகள் பலவற்றிலே துரைமார் துப்பறிகிறார்கள்; கொடிய தெய்வத்துக்கு நரபலி கொடுப்பவர்கள் ஆபிரிக்கரும் ஆசியருமாக இருக்கிறார்கள். 1984இல் வெளிவந்த, மிகப் புகழ்பெற்ற "மாஸ்க்ஸ் ஒஃப் நயார்லதொதெப்" என்ற நெடுங்கதை நியூயோர்க்கிலிருந்து இலண்டன், கெய்ரோ, கென்யா, ஷங்காய் என்று உலகைச் சுற்றி வருகிறது. போகுமிடமெல்லாம் ஒரு கொலைகாரக் கூட்டம். மூலவரான லவ்கிராஃப்டே வெள்ளையரல்லாதாரை இழிவாக எண்ணியவர் என்பது அவருடைய கதைகளிலும் கடிதங்களிலும் வெளிப்படை. காளியும் மாரியும் காவல் நிற்கும் தோட்டங்களிற் பிறந்த நாம், கரிய தெய்வமென்றாற் கொடிய தெய்வமென்று வாசித்துக் காட்டுவதா? ஆகையால் விதிநூலின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்ற "தி ஹோண்டிங்" என்ற சிறுகதையைத் தெரிந்தோம். இன்று இது நிறுவனம் இலவசமாகவே வழங்கும் சுருக்க விதிநூலிலும் இருக்கிறது. அதிலே கொடியவன் ஒரு வெள்ளைக்கார வீட்டுச் சொந்தக்காரன். வழக்கு எமக்குச் சௌகரியமாயிருந்தது.

இனி ஆட இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்க. 1920ஆம் ஆண்டு, பொஸ்டன் நகரம். ஒரு வீட்டில் வாடகைக்கிருந்த குடும்பத்தில் தாய் தந்தை இருவருக்கும் சித்தம் கலங்கிப்போயிற்று. காரணத்தைக் கண்டறியும்படி வீட்டுக்காரர் சிலரை அமர்த்துகிறார். அவர்கள் பத்திரிகைக் காரியாலயம், நூல்நிலையம், பதிவேட்டுச்சாலை என்று அலைந்து பழங்கதையை அறிந்து, பின்னர் வீட்டினுட் புகுகிறார்கள். மாடியறையிலே கட்டில் தானாகப் பாய்ந்து ஆளைச் சாளரத்தினூடே வெளியே தள்ளப் பார்க்கும். நிலவறைச் சுவருக்குப் பின்னால், இறந்தும் இறவாத பழைய சொந்தக்காரன் கிடக்கிறான்.

முதல் நாள் இதை அப்படியே பொஸ்டனில் நடத்தினோம். படுதோல்வி. பொஸ்டன் எப்படியிருக்கும் என்று எமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. கட்டில் பாய்ந்த இடத்திலே ஒரு சகோதரி, "பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே ஏழு பேர் படுக்கிற எங்களுக்குக் கட்டிலே பயங்கரந்தான்" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த பின் பேய் வராது.

ஆகவே ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு கதையைப் பதுளைக்குப் பெயர்த்தோம். நமுனுகுலை மலையடிவாரத்திலே பெயரில்லாத ஒரு தோட்டம். அங்கே எவரும் குடியிருக்கத் துணியாத ஒரு பழைய பங்களா. பாத்திரங்களும் மாறின: ஒரு கணக்கப்பிள்ளை, ஒரு டீமேக்கர், பங்களாவிற் சமைத்த ஓர் அப்பு, ஒரு கங்காணி மகள், ஒரு மிஷன் ஆசிரியை. 1920 என்பதனால் ரயிலில் வந்து பதுளையில் இறங்க முடியாது. ரயில் இங்கே வந்தது 1924இல். இதைக் காப்பாளராகிய நாம் மறந்திருந்தோம். டீமேக்கராக ஆடியவர் நினைவூட்டினார். அந்தத் திருத்தத்தின் பயனாக எல்லாரும் மாட்டு வண்டியிலே இரவு முழுதும் வர வேண்டியதாயிற்று. அந்த வண்டிப் பயணமே அன்றைய ஆட்டத்தின் மிக நல்ல பகுதி.

அச்சிட்ட கதையொன்றை நடத்துபவர்க்கு வரும் முதல் தொல்லை என்னவெனில், கேட்போர் புத்தகம் காட்டும் வழியிற் போகமாட்டார்கள். பங்களாவில் ஏதோ இருக்கிறதென்று சொன்னவுடனே, பொஸ்டன்காரர் நூல்நிலையத்துக்குப் போவார்கள் என்று புத்தகம் எதிர்பார்க்கிறது. எமது கூட்டமோ ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு முனியாண்டி கோயிலுக்குப் போயிற்று. டீமேக்கர் தனியாக ஸ்டோருக்குப் போய் ரோதைமுனிக்குச் சூடம் கொளுத்தினார். இதற்குப் புத்தகத்திலே ஒரு வரியுமில்லை. லவ்கிராஃப்டின் உலகில் தெய்வங்கள் மனிதனை ஓர் எறும்பாகக்கூடக் கருதுவதில்லை; வேண்டுதலுக்கு அங்கே இடமேயில்லை. ஆனால் இயந்திரச் சக்கரத்துக்கு ஒரு முனியையும், தேயிலை வெட்டும் கத்திக்குக் கவ்வாத்துசாமியையும் காவலாக வைத்து வாழ்ந்த மக்களின் கதையில், சாமி கேட்கவில்லை என்று நாம் எப்படிச் சொல்லுவது? சிறிது யோசித்து ஒரு விதி செய்தோம்: நேர்ந்துகொண்டவருக்குச் சித்தத் தெளிவு சிறிது கூடும், நேர்ந்ததைச் செலுத்தாமற் கதை முடிந்தால் இருமடங்காகக் குறையும். பின்னர் எல்லாரும் நேர்த்திக் கடனை நினைத்துக்கொண்டே பங்களாவுக்குள் நடந்தார்கள். சேவலுக்குரியவர் மாத்திரம் கடைசி வரை அதை ஆட்டத்திலே கையிற் பிடித்துக்கொண்டே திரிந்தார்.

இரண்டாவது தொல்லை இதிலும் பெரிது. பொஸ்டனிலே கொடியவனின் பழங்கதை பத்திரிகையிலும் நீதிமன்றப் பதிவிலும் இருக்கிறது. பதுளையில் எங்கே தேடுவது? கச்சேரிக்குப் போனார்கள், காணி யார் பெயரில் என்று தெரிந்தது. கணக்கப்பிள்ளை சாமர்த்தியமாகப் புனித மாற்கு தேவாலயத்துக்குப் போனார். அந்தத் தேவாலயம் மேஜர் ரோஜர்ஸ் என்னும் துரையின் நினைவாகக் கட்டப்பட்டதென்பதும், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரென்று சொல்லப்படும் அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தாரென்பதும் பதுளையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். துரை எங்கே எப்படி இறந்தார் என்பதற்குக் கல்வெட்டு இருக்கிறது. அந்தத் துரையின் பங்களாவுக்குப் பின்னால் மலையை வெட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று கங்காணி மகள் கேட்டார். அதற்கு எங்கே போய்ப் பார்ப்பது? நாம் மறுமொழி சொல்ல முடியாமல் திகைத்தோம்.

அன்றைய ஆட்டத்தை அத்துடன் நிறுத்தி, ஒரு கிழமை யோசித்தோம். எமது மக்களைப்பற்றித் தோட்டம் எழுதிவைத்தது இரண்டே இரண்டு. ஒன்று செக்ரோல்: பெயர், இலக்கம், வேலைக்கு வந்த நாள். மற்றது துண்டு: கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்ப்பவர் இவர்களைக் கொண்டுபோகலாம் என்று எழுதிய சீட்டு. துண்டு முறை 1921இற்றான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எமது கதை 1920இல் நடக்கிறது. ஆகவே கங்காணி மகளின் பெட்டியிலே ஒரு துண்டும், ஸ்டோர் மச்சிலே ஒரு செக்ரோல் ஏடும் கிடைப்பதாகச் செய்தோம். பழைய கணக்குக் கொப்பியொன்றைத் தேத்தண்ணியில் நனைத்துக் காயவைத்து, முப்பத்திரண்டு பெயர்களை எழுதினோம்: மூக்காயி, ராமாயி, காத்தான், வீரன் என்று. ஒரு குறித்த நாளுக்குப் பின் எல்லாப் பெயருக்கு நேரேயும் கோடு. பங்களாவுக்குப் பின்னால் துரை மலையை வெட்டுவித்தபோது மண் சரிந்து மூடிவிட்டது. துரை அதை வெளியே சொல்லவில்லை. நிலவறைச் சுவருக்கு அப்பாற் புத்தகத்தில் ஒரு பலகைத் தடுப்பு இருக்கிறது. எமது கதையில் மண் இருக்கும். தோண்ட வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்துவிட்டு நாம் மிகவும் பெருமைப்பட்டோம் என்பதை ஒளிப்பானேன்.

இந்த வேளையிலேதான் மன்றத்துப் பெரியவர் ஒருவர் வாசிகசாலை வாசலில் வந்து நின்றார்.

"என்னா தம்பி, தேவாரம் படிக்கிற எடத்துல பேயக் கூப்பிடுறீங்களாமே?"

"இல்லீங்க பெரியப்பா, கதைதான் சொல்றோம்."

"கதைக்கு ஏன் வெளக்க அணைக்கணும்?"

விளக்கு அணைந்தது மின்வெட்டால் என்று சொன்னோம். அவர் நம்பவில்லை, ஆனாலும் உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் தலையை ஆட்டி, "நீங்க பேய ரொம்பக் காட்டுறீங்க" என்றார். அவர் இளமையிலே தமது தோட்டத்துக் காமன் கூத்தில் எமன் வேஷம் கட்டியவரென்பது அப்போதுதான் எமக்குத் தெரிந்தது.

காமன் கூத்தை இங்கே உள்ளவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மாசி மாதத்து மூன்றாம் பிறையிலே கம்பம் ஊன்றி, பௌர்ணமியிலே காமனை எரித்து முடியும் அந்தக் கூத்திலே முழுத் தோட்டமும் பங்கேற்கும். ரதியின் பக்கத்தார், மதனின் பக்கத்தார் என்று சனம் பிரிந்துகொள்ளும். மதன் எரிவான் என்பது எல்லாருக்கும் முதல் நாளே தெரியும். ஆயினும் எரியும்போது அழாதவரில்லை. (தஞ்சைப் பக்கத்திலே எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு பக்கம் நின்று லாவணியில் வாதாடுவார்கள், எமது கூட்டத்திலும் இரு கட்சிக்கும் ஆளுண்டு.) கூத்து மாஸ்டரின் கையிலே ஒரு கொப்பி இருக்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். கூத்துத் தடம் மாறினால் மாத்திரம் திறப்பார். அமெரிக்கர் 1974இல் அச்சிட்டதை எமது லயத்துப் பெரியவர்கள் முன்பே செய்துகொண்டிருந்தார்கள் என்று பெருமை பேச நாம் வரவில்லை. இரண்டும் வெவ்வேறு, கூத்து வழிபாடு, இது ஆட்டம். ஆனால் பயத்தை நடத்தும் வித்தை இரண்டிலும் ஒன்றே என்பதை அன்று அந்தப் பெரியவரிடம் கற்றோம்.

"எமன் வர்றப்ப சனம் பயப்படாது. தப்பு நிக்கும் பாருங்க, அப்பதான் பயப்படும். தப்ப நிறுத்திப்புட்டு நான் லயத்துக்குப் பின்னாடி சும்மா நிப்பேன். சின்னப் புள்ளைங்க தாயோட சேலையப் புடிச்சிக்கும். அதுக்கப்புறம் நான் வந்தா என்ன, வராட்டி என்ன?"

விதிநூலின் பக்கங்களில் நாம் தேடிக் காணாத பாடம் இது. அடுத்த சனிக்கிழமை அதையே செய்தோம். பேசிக்கொண்டே போய், கதவு திறந்த இடத்தில் பேச்சை நிறுத்தினோம். தகரக் கூரையில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. சகோதரிகள் பொழுதுபடுமுன் வீடு சேர வேண்டியதால் மூன்று மணிக்கே ஆட்டம் தொடங்கியிருந்தது. பட்டப்பகலிலே எல்லாரும் நடுங்கினார்கள்.

நிலவறைக்கு இறங்கினார்கள். சுவரைப் பெயர்த்தார்கள். அப்பால் மண். "தோண்டுகிறோம்" என்றார் கணக்கப்பிள்ளை. நாம் ஆயத்தஞ் செய்துவைத்திருந்த வருணனையை ஆரம்பித்தோம். ஈர மண்ணின் வாடையைச் சொன்னோம். மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டதைச் சொன்னோம். ஒரு சேலைத் தலைப்பைச் சொன்னோம்.

அப்பு வேஷத்திலிருந்த நண்பர் கையிலிருந்த கட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஒன்றுஞ் சொல்லவில்லை. ஆட்டத்தைச் சேர்ந்த செயலென்று நினைத்து ஒருவர், "அப்பு ஓடிட்டாரு, சித்தத் தெளிவுக்குக் கட்டை உருட்டு" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆகவே சொல்லுகிறோம்.

நண்பர் கொஸ்லந்தைப் பக்கத்தவர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி காலையிலே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது அவர் சிறுவன். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது சிலருக்கு வீடுமில்லை, வீட்டாருமில்லை. மூடிப்போனவர்களிற் பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவரும் உறவினரை இழந்தவர் என்பது எமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாம் அந்த மண்ணைக் கதைக்குள் கொண்டுவந்தோம். மறந்துவிட்டோம் என்று சொல்லலாம். அதுவும் முழு உண்மையன்று. மண்சரிவு ஒரு நல்ல பயங்கரம் என்று எமக்குத் தோன்றியது. அது யாருடையது என்று நாம் கேட்கவில்லை.

வெளியே இஸ்தோப்பில் அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் எமக்கு முன்னே எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றார். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. சற்று நேரத்தில் பெரியவர் உள்ளே வந்து ஒரு செம்பிலே தண்ணீர் மொண்டுகொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு எம்மைப் பார்த்து, "வேஷங் கட்டுனவன வேஷத்தோட வீட்டுக்கு அனுப்பப்படாது தம்பி" என்றார். காமன் கூத்தில் அருள் வந்தவருக்குத் தண்ணீர் தெளித்து விபூதி பூசி மலையேற்றிய பின்னரே வீட்டுக்கு விடுவார்களாம். அதற்கென்றே கூத்துக்கு வெளியே ஓர் ஆள் நிற்பானாம். எமது மேசையில் அப்படி ஓர் ஆளை நாம் வைத்திருக்கவில்லை.

இரண்டு சனிக்கிழமை வாசிகசாலை பூட்டியே கிடந்தது. நாம் நண்பரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப்பற்றிப் பேச விரும்பவில்லை, கிரிக்கெட்டைப்பற்றிப் பேசினார். மூன்றாம் சனிக்கிழமை அவரே வந்து, கதையை ஏன் நடுவில் விட்டீர்கள் என்று கேட்டார். வேறு கதை எடுக்கலாம் என்றோம். வேண்டாமென்றார். அமர்ந்து, சிறிது நேரம் சென்று, எம்மைப் பாராமலே கேட்டார்:

"மண்ண வெட்டுறதுக்கு முந்தி ஏன்டா ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடல?"

எவரும் மறுமொழி சொல்லவில்லை.

"அங்க எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. மொத நாள் பூரா. பொறவுதான் மிசின் வந்துச்சு."

தேத்தண்ணியில் நனைத்த செக்ரோல் ஏடு மேசையிலேயே கிடந்தது. அவர் அதை எடுத்து முதற் பெயரிலிருந்து வாசித்தார். முப்பத்திரண்டு பெயர். நாம் பழமைக்காகச் சும்மா எழுதிய பெயர்கள். அவர் வாசித்து முடிக்கும் வரை எவரும் கட்டையைத் தொடவில்லை. சகோதரிகளில் ஒருவர் மட்டும் இடையிலே ஒரு பெயருக்கு, "அது எங்க அப்பாயி பேரு" என்று சொன்னார்.

அதன்பின் கதையை முடித்தோம். சுவருக்குப் பின்னால் இறவாமற் கிடந்த துரையையும் கண்டார்கள். அவனுடைய கத்தியாலேயே அவனை முடித்தார்கள். புத்தகத்தில் அது உச்சக்கட்டம். எமது மேசையில் ஐந்து நிமிஷம். துரையைப்பற்றி அதற்குள் எவருக்கும் அக்கறை போய்விட்டது. கதையென்ற முறையில் இது பெரிய குறையே. ஆனால் திருத்த வேண்டுமென்று எமக்குத் தோன்றவில்லை. சேவலையும் முனியாண்டிக்குச் செலுத்தினார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இத்தகைய சங்கடத்துக்கு அமெரிக்காவில் ஓர் உபாயம் உண்டு. ஜோன் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் முறைப்படுத்தியது: மேசை நடுவிலே பெருக்கற்குறி இட்ட ஓர் அட்டையை வைப்பது, மனத்துக்கு ஒவ்வாதது கதையில் வந்தால் எவரும் அட்டையைத் தொடலாம், தொட்டவுடன் அந்தப் பகுதி கதையிலிருந்து நீக்கப்படும், ஏன் என்று கேட்கக் கூடாது. இதை நாம் முன்னமே வாசித்திருந்தோம். வெள்ளைக்காரருக்கு மனம் இலகு, எமக்கேன் அட்டை என்று நினைத்து விட்டுவிட்டோம். இப்போது எமது மேசை நடுவில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறது. வேண்டியவர் எடுத்துக் குடிக்கலாம். குடித்தால் அந்தப் பகுதி முடிந்தது. ஆட்டம் தொடங்கு முன் ஒவ்வொருவரிடமும் எது வரக்கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுகிறோம். ஒருவர் நாய் சாகக்கூடாது என்றார். ஒருவர் குளவி வரக்கூடாது என்றார்; கொழுந்து மலையிலே அவருடைய தாயார் பட்டது அது. முடிந்தபின் எல்லாரும் தத்தம் சொந்தப் பெயரைச் சொல்லி ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடித்துவிட்டே எழும்புகிறோம். பெரியவர் இல்லாமல் நாம் இப்போது தொடங்குவதில்லை. அவர் கட்டை உருட்டுவதில்லை. வெளியே நிற்கும் ஆள் தாமே என்கிறார்.

பேய்க்கதை இந்து இளைஞர் மன்றத்துக்குத் தகுமா என்ற கேள்வி இன்னும் சிலரிடம் இருக்கிறது. நாயன்மார் வரிசையிலே பேயுருவை வேண்டிப் பெற்ற ஓர் அம்மையார் இருக்கிறார். அவரை இறைவன் எப்படி அழைத்தார் என்பதை எமக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலே சொல்லித் தந்தவர்களே இந்தக் கேள்வியையும் கேட்கிறார்கள். அவர்களோடு நாம் வாதாடப் போவதில்லை. வந்து ஒருநாள் பார்க்கும்படி அழைக்கிறோம்.

தைப்பொங்கலுக்குப் பின் அடுத்த கதை தொடங்கும். அதற்குக் காப்பாளர் நாமல்லர். கொஸ்லந்தை நண்பர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். என்ன கதை என்று எமக்குச் சொல்ல மறுக்கிறார். இரண்டு இடம் காலியாக இருக்கிறது. விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். சகோதரிகளுக்காக மூன்று மணிக்கே ஆரம்பம். கட்டைகள் வாசிகசாலை அலுமாரியில் இரண்டாந் தட்டில் இருக்கின்றன; பால்மாப் பேணிகளையும் அங்கேயே வைத்திருக்கிறோம், யாரும் எறிந்துவிட வேண்டாம்.